மேல் தட்டுக் கொழுப்பில் சிக்கிய குண்டுமல்லி

என் மேசை மேல் ஒரு பழுப்புச் சீசா நிற்கிறது. உள்ளே, என் செடிகளின் குண்டுமல்லி வாசனையைக் கொழுப்பில் பிடித்து ஆல்கஹாலில் கழுவி எடுத்த சாறு, 96 மில்லி. ஒரு சொட்டைத் தாளில் விட்டு, ஆல்கஹால் நெடி போகும்வரை ஒரு நிமிடம் பொறுத்து முகர்ந்தால், ராத்திரி எட்டு மணிக்குச் செடிப் பக்கம் போய் நின்ற மாதிரி இருக்கிறது. அச்சு அசல் என்று சொல்ல மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்த ஐந்து பேரில் நான்கு பேர் "மல்லி" என்றார்கள். ஐந்தாவது ஆளுக்கு அன்று ஜலதோஷம்.

முதலில் செலவுக் கணக்கு. பூ மட்டும் 1,530 கிராம். நூறு மொட்டை எண்ணி நிறுத்தபோது 22.4 கிராம் இருந்தது. அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட 6,800 மொட்டு. உருப்படியாகப் பயன்பட்ட கொழுப்பு 300 கிராம், குப்பைக்குப் போனது 500, அதோடு எண்ணெய் 300 மில்லி. கொழுப்பைக் கழுவ ஆல்கஹால் 375 மில்லி. காலம், இரண்டு பூப்பருவம். இதில் முதல் பருவம் முழுக்கத் தோல்விதான். அதையும் வரிசையாக எழுதிவிடுகிறேன். சரியாக வந்த முறையைவிடக் கெட்டுப்போன முறைகளிடம்தான் எனக்குக் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது.

செடி குண்டுமல்லி, ஜாஸ்மினம் சம்பக். நன்றாகப் புதர் கட்டிய ஐந்து செடிகள். ஜாதிமல்லி வேறு இனம், அதன் வாசனைச் சேர்மானமும் வேறு. ஜாஸ்மோன், மெத்தில் ஜாஸ்மோனேட் என்று மல்லிகைப் பெயரையே சுமக்கும் பொருள்கள் ஜாதிமல்லியில்தான் தூக்கல். குண்டுமல்லியில் பென்சைல் அசிடேட், லினலூல், ஆல்ஃபா-ஃபார்னசீன், அவற்றோடு கொஞ்சம் இண்டோல், மெத்தில் ஆந்த்ரனிலேட். இந்தப் பெயர்களை ஆரம்பத்தில் நான் சும்மா மனப்பாடமாக வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக மூக்கில் பட்ட பிறகுதான் அவற்றுக்கு அர்த்தம் வந்தது.

முதல் முயற்சி, பிரஷர் குக்கர். வாசனை எண்ணெய் என்றாலே காய்ச்சி வடிப்பதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குக்கர் மூடியில் வெயிட்டைக் கழற்றி, அந்த மூக்கில் ரப்பர் குழாய் மாட்டி, குழாயை ஐஸ் தண்ணீர் வாளிக்குள் நான்கு சுற்று சுற்றி, மறுமுனையைச் சீசாவுக்குள் விட்டேன். உள்ளே 200 கிராம் பூ, ஒன்றரை லிட்டர் தண்ணீர். முக்கால் மணி நேரத்தில் 400 மில்லி வடிந்தது. மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கும் என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. முகர்ந்தால் வேகவைத்த கீரை, அதற்குப் பின்னால் சைக்கிள் டியூப்.

டியூப் நாற்றம் என் தப்பு. சூடான ஆவிக்கு ரப்பர் குழாய் ஆகாது, அது தன் நெடியைக் கொடுத்து நம் வாசனையைக் குடித்துவிடும். ஆனால் சிலிக்கோன் குழாயோ கண்ணாடிக் குழாயோ போட்டிருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது. குண்டுமல்லியில் கிடைக்கும் வாசனைச் சாறு, தொழில்முறையில் கரைப்பான் போட்டு எடுத்தாலே, பூவின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். என் 200 கிராமில் மிஞ்சிப்போனால் 0.2 கிராம். அது குழாய்ச் சுவரில் ஒட்டியே தீர்ந்துபோகும். போதாக்குறைக்குக் கொதிக்கும் நீரில் முக்கால் மணி நேரம். மல்லிகையை வாசனைத் தொழிலில் ஏன் ரோஜா மாதிரி ஆவியில் வடிப்பதில்லை என்பதற்கு அந்தக் கீரைத் தண்ணீரே பதில்.

இரண்டாவது முயற்சி எளிமையானது, அதனாலேயே அதிக நம்பிக்கை கொடுத்து ஏமாற்றியது. அகல வாய் ஜாடியில் சுத்திகரித்த தேங்காய் எண்ணெய் 300 மில்லி, அதற்குள் பூ 250 கிராம், ஐந்து தவணையாக. ஒவ்வொரு தவணையும் ஒரு நாள் ஊறல், பிறகு வடிகட்டி அடுத்த பூ. ஜாடியை வெயிலில் வைத்தேன். இரண்டாம் நாள் லேசான மணம். மூன்றாம் நாள் ஜாடிக்கு அடியில் பழுப்புத் தண்ணீர் ஒரு விரல் கனம். மொட்டில் பெரும்பங்கு தண்ணீர்தானே, அது கசிந்து எண்ணெய்க்குக் கீழே தேங்கியிருந்தது. ஐந்தாம் நாள் திறந்தபோது புளிப்பு நாற்றம் முகத்தில் அறைந்தது. தண்ணீரைப் பிரித்து எண்ணெயை மட்டும் வைத்துப் பார்த்தேன், ஒரு வாரத்தில் அதுவும் சிக்கு நாற்றம் பிடித்துவிட்டது. ஈரம், வெயில், காற்று மூன்றையும் ஒன்றாகக் கொடுத்தால் எந்த எண்ணெய்தான் தாங்கும்?

பருவம் முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. வெறுத்துப்போய், எதையும் செய்யாமல் வெறுமனே முகர்ந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். உண்மையில் வேலை ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

மாலை 4 மணிக்குப் பறித்த பத்து மொட்டை ஒரு ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு மூடினேன். பாட்டிலைச் சோடா உப்பில் ஊறவைத்து இரண்டு நாள் காயவைத்திருந்தேன். இல்லாவிட்டால் மல்லிகைக்குப் பதில் மாங்காய் முகர நேரிடும். மணிக்கு ஒரு முறை மூடியைத் திறந்து ஒரு மோப்பம், உடனே காற்றை மாற்றி மீண்டும் மூடல். 5 மணிக்கு ஒன்றுமே இல்லை, பச்சை நெடி மட்டும். 6 மணிக்கும் அதே. 7 மணிக்கு மொட்டு வாய் திறந்தது, மெல்லிய இனிப்பு. 9 மணிக்கு மூக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும் அளவு. நள்ளிரவிலும் அப்படியே. விடிகாலை 5 மணிக்கு இனிப்பு குறைந்து கனமான வேறு ஏதோ ஒன்று ஏறியிருந்தது. மறுநாள் மதியம் இதழ் நிறம் மங்கி, வாசனை அலமாரி நெடியாகிவிட்டது.

கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு முறையும் பாட்டில் காற்றை முழுக்க மாற்றினேன். மாற்றிய பிறகும் அடுத்த மணி நேரத்தில் மறுபடி நிறைந்தது. அப்படியென்றால் பூவுக்குள் ஒரு தொட்டியில் வாசனை நிரம்பி நிற்கவில்லை. பறித்த பிறகும் உயிரோடு இருக்கும் இதழ், இரவு முழுக்க அதைச் செய்துகொண்டே இருக்கிறது. நான் குக்கரில் போட்டது மாலை மொட்டு. வாசனை செய்யத் தொடங்கும் முன்பே ஆளைக் கொன்றுவிட்டேன். எண்ணெயில் முக்கியதும் அதே கொலைதான், கொஞ்சம் நிதானமாக.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. ஆல்பர்ட் ஹெஸ்ஸே என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 20ஆம் நூற்றாண்டு தொடங்கும் சமயத்திலேயே மல்லிகையில் இதை அளந்து காட்டியிருக்கிறார். பூவைக் கரைப்பானில் கொன்று எடுப்பதைவிட, கொழுப்பின் மேல் உயிரோடு கிடத்தி வைத்தால் பல மடங்கு வாசனை எண்ணெய் கிடைக்கிறது என்று. பிரான்சின் கிராஸ் நகரத்தில் அதற்கு முன்பிருந்தே செய்துவந்த ஆன்ஃப்ளூராஜ் முறை அதுதான். மரச்சட்டம் போட்ட கண்ணாடியில் கொழுப்பு பூசி, அதன் மேல் பூவைப் பரப்பி, தினமும் பூவை மட்டும் மாற்றினார்கள். 36 முறை பூ மாற்றிய கொழுப்புக்கு 36ஆம் எண் பொமேடு என்றே பெயர். ஒரு கிலோ கொழுப்புக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ மல்லிகை என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது முயற்சி அடுத்த பருவம். 30 செ.மீ.க்கு 20 செ.மீ. அளவில் ஒரு கண்ணாடித் தட்டு, அதில் தேங்காய் எண்ணெய் 500 கிராம், கனம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஃப்ரிட்ஜில் வைத்து உறைய வைத்தேன், வெண்ணெய்க் கட்டி மாதிரி அழகாக நின்றது. மாலையில் 60 கிராம் மொட்டைப் பரப்பி மூடினேன். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியில் உருகும் என்பது தெரியாத விஷயமா? தெரியும். என் அறை இரவில் 29 டிகிரி என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை. விடிந்தபோது பூக்கள் எண்ணெயில் நீச்சலடித்துக்கொண்டிருந்தன. ஃப்ரிட்ஜுக்குள் வைத்துச் செய்தால் என்ன என்று அடுத்த இரண்டு நாள் அதையும் பார்த்தேன். குளிரில் மொட்டு வாயே திறக்கவில்லை. திறக்காத மொட்டில் ஏது வாசனை. கொழுப்பு மட்டும் ஃப்ரிட்ஜில் இருந்த மற்ற பண்டங்களின் வாசனையை எல்லாம் சிரத்தையாக வாங்கிவைத்திருந்தது. ஆக 180 கிராம் பூவும் அந்த 500 கிராம் எண்ணெயும் போயின.

கனமும் தப்பு. வாசனை மேல்பரப்பில் சில மில்லிமீட்டருக்குள்தான் இறங்குகிறது. அடியில் இருக்கும் கொழுப்பு பிறகு ஆல்கஹாலை வீணாகக் குடிக்கும், அவ்வளவுதான்.

நான்காவது முயற்சிக்கு ஒரு வாரம் ஏற்பாடு. கொழுப்புக்கு வனஸ்பதி 2 பங்கு, சுத்திகரித்த தேங்காய் எண்ணெய் 1 பங்கு. வனஸ்பதி மட்டும் போட்டால் விரல் நகம் பதியாத அளவு இறுகல், வாசனை இழுக்காது. தேங்காய் எண்ணெய் கூடினால் பூ மூழ்கும். விரலால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஆனால் தட்டைச் சாய்த்தால் நகரக் கூடாது. என் 29 டிகிரிக்கு இந்த விகிதம் நின்றது. உங்கள் அறை வேறு சூட்டில் இருந்தால் ஒரு கரண்டி அளவில் கலந்து, இரவு முழுக்க வெளியே வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வனஸ்பதிக்கு லேசான நெடி உண்டு. அதைப் போக்க, கொழுப்பை உருக்கி, சம அளவு வெந்நீரில் ஒரு சிட்டிகை படிகாரம் கரைத்துச் சேர்த்து, பத்து நிமிடம் கிளறி, ஆறவிட்டேன். மேலே உறைந்த தகட்டைத் தூக்கி, அடியில் ஒட்டிய அழுக்கைச் சுரண்டி, மறுபடி வெறும் வெந்நீரில் இரண்டு தரம். கடைசியில் தண்ணீர் துளியும் இல்லாதபடி மெதுவாகச் சூடாக்கிச் சலசலப்பு அடங்கும்வரை வைத்தேன். இந்த வேலைக்கு ஒரு முழு மதியம் போனது. அலுப்புப்பட்டு விட்டுவிட்டால் பிறகு சீசாவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சமையல் கட்டு எட்டிப்பார்க்கும்.

ஒரே அளவில் இரண்டு கண்ணாடித் தட்டு. இரண்டிலும் 150 கிராம் வீதம் ஊற்றி ஆறவைத்தேன், கனம் 3 மில்லிமீட்டருக்குள். முட்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் கீறி விட்டேன், பரப்பு கூடட்டும் என்று. கீழ்த் தட்டில் பூவைப் பரப்பி, இரண்டாவது தட்டை அதன் மேல் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றி டேப். மேல் தட்டை நான் வைத்தது மூடிக்காகத்தான். கிளம்பும் வாசனை வீணாகாமல் இருக்க அதிலும் கொழுப்பு இருக்கட்டுமே என்று ஒரு எண்ணம். கதையின் நாயகன் அதுதான் என்று அப்போது தெரியாது.

தினசரி வேலை இப்படி. மாலை 4 மணி வாக்கில், அன்று இரவு மலரப்போகிற மொட்டுகளை மட்டும் பறிப்பேன். நன்றாக வெளுத்து, உருண்டு, நுனி கொஞ்சம் தளர்ந்திருக்கும். பச்சை கலந்த மொட்டு அன்றைக்கு மலராது, இடத்தை அடைத்துக்கொண்டு ஈரத்தை மட்டும் கொடுக்கும். காம்பை ஒட்ட நறுக்கிவிடுவேன். பிறகு துணியில் பரப்பி ஒன்றரை மணி நேரம் நிழலில் காற்றாட விட்டு, 6 மணிக்குத் தட்டில் ஒவ்வொன்றாக வைப்பேன். 64 கிராம் என்பது ஏறத்தாழ 285 மொட்டு. முதல் நாள் 50 நிமிடம் ஆனது, கடைசி நாள் 20. மறுநாள் காலை 6 மணிக்கெல்லாம் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். கிராஸ்காரர்கள் மல்லிகையை 24 மணி நேரம் வரை விட்டுவைத்தார்கள். நான் 12 மணி நேரத்தில் எடுத்ததற்கு ஊறுகாய்ப் பாட்டில் காட்டிய அந்த அலமாரி நெடிதான் காரணம்.

ஆறாம் நாள் ஒரு விபத்து. அதற்கு முந்தைய மாலை மழை. ஈரம் காய்ந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிட்டேன். காலையில் மேல் கண்ணாடியில் முத்து முத்தாக நீர். கொழுப்பின் ஓரத்தில் இரண்டு நாளில் சாம்பல் நிறப் புள்ளி, பூஞ்சணம். அந்த மூலையை ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு வெட்டி எறிந்து, இரண்டு இரவு பூ வைக்காமல் தட்டுகளைத் திறந்து காயவிட்டேன். அதன் பிறகு மழை நாள் பூ வேண்டவே வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். மொத்தம் 16 இரவில் 14 தவணை, 900 கிராம் பூ.

முடிந்ததும் இரண்டு தட்டையும் தனித்தனியாகச் சுரண்டி நிறுத்தேன். மேல் தட்டில் 148 கிராம். கீழ்த் தட்டில் 139. அந்த வித்தியாசத்தில் கொஞ்சம் பூஞ்சணத்துக்கு வெட்டியது, மீதி தினமும் பூவோடு ஒட்டிக்கொண்டு போனது. நிறமும் வேறு. கீழ்க் கொழுப்பில் இதழ் கிடந்த இடமெல்லாம் பழுப்புக் கறை. மேல் கொழுப்பு வெள்ளையாகவே இருந்தது.

தங்கையைக் கூப்பிட்டேன். எது எது என்று சொல்லாமல் இரண்டு கரண்டியை நீட்டினேன். கீழ்த் தட்டை முகர்ந்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இலை வாசம் வருதுண்ணா" என்றாள். மேல் தட்டை முகர்ந்தவள் ஒன்றும் சொல்லவில்லை, கரண்டியைத் திருப்பித் தரவும் இல்லை.

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். நாம் மல்லிகை வாசனை என்று சொல்வது பூவிலிருந்து காற்றில் எழுந்து வருவதை. மேல் கொழுப்புக்குக் கிடைத்தது அது மட்டும். கீழ்க் கொழுப்புக்கு அதோடு இதழ்ச் சாறு, நசுங்கிய காம்பின் பச்சை நெடி, ஈரம் எல்லாம் சேர்ந்து கிடைத்தது. வெட்டிய புல்லில் வருகிற அந்தப் பச்சை நெடி, இலை கிழியும்போது கிளம்பும் ஹெக்சினால் வகைப் பொருள்களால் வருவது. காம்பை நான் நறுக்கிய இடத்திலெல்லாம் அது கசிந்திருக்கும். அளவில் கீழ்த் தட்டு தூக்கல்தான், சந்தேகமில்லை. ஆனால் எனக்கு வேண்டியது அளவு இல்லையே.

அடுத்தது ஆல்கஹால் கழுவல். 95 சதவீத எத்தில் ஆல்கஹால், வேறு எதையும் கலக்காதது. குடிக்க முடியாதபடி கெடுத்து விற்கும் ஸ்பிரிட்டில் மெத்தில் ஆல்கஹால் இருக்கக்கூடும், அது விஷம். தோலில் படப்போகும் பொருளுக்கு அதைத் தொடவே கூடாது. மருந்துக்கடை ஐசோபுரொப்பைல் வாசனையைக் கரைக்கும், ஆனால் தன் நெடியை விட்டுப் போகாது. எத்தில் ஆல்கஹால் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும், முதலில் அதை விசாரித்துவிடுங்கள். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் அந்த அறையில் கூடாது. அறைச் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும் ஆவி அது.

மேல் கொழுப்பைச் சுண்டைக்காய் அளவுத் துண்டுகளாக்கி ஜாடியில் போட்டு 150 மில்லி ஊற்றினேன். நாளைக்கு ஆறேழு தடவை குலுக்கல், ஐந்து நாள். வாசனைப் பொருள்கள் ஆல்கஹாலுக்கு மாறிவிடும், கொழுப்பு பெரும்பாலும் கரையாமல் நிற்கும். இந்த "பெரும்பாலும்" என்ற சொல்லில்தான் வழுக்கினேன். வடிதாளில் ஊற்றியபோது தெளிவாக இறங்கியது, சந்தோஷமாகச் சீசாவில் அடைத்தேன். இரவு குளிர்ந்ததும் பால் மாதிரி கலங்கிவிட்டது. தாளில் ஒரு சொட்டு விட்டால் ஆல்கஹால் பறந்த பின் எண்ணெய்க் கறை.

வழி, நன்றாகக் குளிரவைத்து வடிப்பது. இறுக மூடிய சீசாவை ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் ஒரு இரவு வைத்தேன். மூடி தளர்வாக இருந்தால் ஆவி ஃப்ரீசருக்குள் சேரும், எங்காவது ஒரு பொறி போதும், அதனால் மூடிக்கு மேல் டேப்பும். காலையில் அடியில் வெள்ளைச் செதில் படிந்திருந்தது. புனலையும் வடிதாளையும் ஜாடியையும்கூட ஃப்ரீசரிலேயே வைத்திருந்து, வெளியே எடுத்த வேகத்தில் வடித்தேன். புனல் சூடாக இருந்தால் செதில் மறுபடி கரைந்து கீழே போய்விடும், முதல் தடவை அப்படித்தான் ஆனது. மூன்று சுற்றுக்குப் பிறகு தாளில் கறை இல்லை. 118 மில்லி தேறியது. அதே கொழுப்பை இன்னொரு 75 மில்லியில் கழுவினேன்; அதில் வாசனை பாதிகூட இல்லை. கீழ்த் தட்டுக்கு ஒரே கழுவலோடு சரி.

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆசை விடவில்லை. ஆல்கஹாலையும் போக்கிவிட்டால் சுத்தச் சாறு கிடைக்குமே என்று 20 மில்லியை ஒரு தட்டையான கிண்ணத்தில் ஊற்றி, எதிரே மின்விசிறி. ஐந்து மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் மஞ்சள் பழுப்பாக ஒரு பிசுக்கு. 0.01 கிராம் வரை காட்டும் தராசில் 0.07 கிராம், அதில் விடுபட்ட கொழுப்பும் கொஞ்சம் இருந்திருக்கும். குனிந்து முகர்ந்தேன். அந்துருண்டை.

அறை முழுக்க மல்லிகை மணத்தது, கிண்ணத்தில் மட்டும் இல்லை. எது எப்போது பறக்கும் என்று பார்த்தால் காரணம் புரிகிறது. லினலூலின் கொதிநிலை 198 டிகிரி, பென்சைல் அசிடேட் 213, இண்டோல் 254. கொதிக்க வைக்காவிட்டாலும், விசிறிக் காற்றில் லேசானது முதலில் கிளம்பும். இனிப்பும் பழ வாசமும் ஆல்கஹாலோடு கைகோத்துக்கொண்டு போய்விட்டன, கனமான இண்டோல் உட்கார்ந்துவிட்டது. மறுநாள் மதியத்துப் பூவில் வந்த அலமாரி நெடியும் எனக்கு இந்த இடத்தில்தான் பிடிபட்டது: இனிப்பு அடங்கியதும் மிச்சமிருந்த இண்டோல் வெளியே தெரிந்திருக்கிறது.

கெட்டது கெட்டுவிட்டது, சரி, அதையும் வீணாக்குவானேன் என்று அந்தப் பிசுக்கை 7 மில்லி ஆல்கஹாலில் கரைத்தேன். ஏறத்தாழ ஒரு சதவீதக் கரைசல். அந்துருண்டை இன்னும் இருந்தது. அதில் 1 மில்லி எடுத்து 9 மில்லியில் விட்டேன். தாளில் தொட்டு, பத்து நிமிடம் கழித்து முகர்ந்தபோது திகைத்துவிட்டேன். அந்துருண்டை எங்கே போனது என்றே தெரியவில்லை. பூவின் அடிக்குரல் மாதிரி, இதமான கனம். அதே இண்டோல்தான், பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் ஆளே மாறிவிட்டது. மேல் தட்டுச் சாற்றில் இரண்டு சொட்டைக் கலந்து பார்த்தேன். அதுவரை அந்தச் சாறு அழகாக இருந்தாலும் ஏதோ சோப்புத் தனம் இருந்தது, இந்தக் கனம் சேர்ந்ததும் நேற்று ராத்திரிச் செடியாகிவிட்டது. ஆக, விசிறி வேலை முழு வீண் என்று சொல்ல மனம் வரவில்லை. மறுபடி செய்வேனா என்றால் மாட்டேன்.

கடைசிப் பிழை சின்னது. கீழ்த் தட்டுச் சாற்றை வெள்ளைக் கண்ணாடிச் சீசாவில் ஜன்னல் ஓரம் வைத்திருந்தேன், பார்க்க அழகாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. மூன்று வாரத்தில் இளமஞ்சள் செம்பழுப்பாகிவிட்டது. இண்டோலுக்கு வெளிச்சமும் காற்றும் ஆகாது, நிறம் ஏறும். லினலூலும் காற்றுப் பட்டால் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடையும். அப்படி மாறிய லினலூல் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை கொடுக்கும் என்பது தெரிந்த விஷயம். அதனால் அந்தச் சீசா தாளுக்கு மட்டும், உடம்புக்கு இல்லை. நல்ல சாறு பழுப்புச் சீசாவில், கழுத்துவரை நிரப்பி, ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. மேசைக்கு வருவது முகர்ந்து பார்க்க மட்டும். அதையும் முன்கையில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் பார்த்த பிறகே யாருக்கும் கொடுக்கிறேன்.

அடுத்த பருவத்துக்கு மாற்றப்போவது முக்கியமாக ஒன்றுதான். பூ கொழுப்பைத் தொடவே கூடாது. கீழே கொழுப்புத் தட்டு, அதற்கு ஒரு விரல் உயரத்தில் துருப்பிடிக்காத கம்பி வலை, வலை மேல் பூ, மேலே கவிழ்த்த தட்டு. இரண்டு பக்கமும் காற்று வழியாக மட்டும் வாசனை போகட்டும். காலையில் இடுக்கியோடு 285 பூவைப் பொறுக்கும் வேலையும் மிச்சம், வலையைத் தூக்கித் தட்டினால் ஆயிற்று. அளவு குறையும், அதைச் சரிக்கட்ட 14 தவணையை 24 ஆக்குவதாக இருக்கிறேன். இன்னொன்று, காம்பை நறுக்கவே போவதில்லை. தொடாமல் இருக்கும்போது நறுக்கிக் காயம் பண்ணுவானேன். ஈரத்துக்கு, தட்டின் இரண்டு மூலையில் சின்னத் துணிப் பையில் சிலிக்கா மணிகள் வைத்துப் பார்க்கலாமா என்று ஒரு யோசனை. வாசனையையும் சேர்த்து உறிஞ்சிவிடுமோ என்ற பயம் இருக்கிறது, முதலில் ஊறுகாய்ப் பாட்டிலில் பத்து மொட்டோடு சோதித்துவிட்டுத்தான் தட்டுக்குப் போகும்.

கழுவி முடித்த கொழுப்பு 140 கிராம் இன்னும் டப்பாவில் கிடக்கிறது. மூன்று மாதம் ஆகியும் மணக்கிறது. தங்கை அதில் சோப்பு காய்ச்சப்போவதாகக் கேட்டிருக்கிறாள். வலையை நேற்று அளவெடுத்து வெட்டிவிட்டேன், 29க்கு 19 செ.மீ. செடிகளைக் கவாத்து செய்து ஐந்து வாரம் ஆகிறது. இன்று காலை எண்ணியபோது முதல் செடியில் மட்டும் 61 மொட்டு, எல்லாம் இன்னும் பச்சை.